நோன்பு தானே ஒரு வணக்கமா, வணக்கத்துக்கான ஆயத்தமா? ரமலானும் தவக்காலமும் குறித்த விவாத இழை

பதிவு 1 – வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று இந்தியாவில் ரமலானின் முதல் நோன்பு. மார்ச் 5 அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அந்த மாதம் முழுவதும் எங்கள் பகுதியில் ஒரு தெருவில் ஸஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய நோன்பு உணவுக்கு, விளக்கெரிந்தது. அடுத்த தெருவில் சிலுவைப்பாதைக்குக் கோயில் மணி அடித்தது. நான் ஒரு கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி கற்பிப்பவன். "அவர்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, நாம் கறியை மட்டும் விடுகிறோம், இதுவும் நோன்பா?" என்று பிள்ளைகள் கேட்பதை அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து கேட்டு வருகிறேன்.

எங்கள் சட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி நாள்கள்: முழு உணவு ஒருவேளை, மற்ற இரு வேளைகளிலும் சிறிதளவு. 18 வயது நிரம்பியதிலிருந்து 59 நிரம்பும்வரை இது கடமை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாள்கள். 14 வயது நிரம்பியவர்கள் அன்று இறைச்சி உண்ணக் கூடாது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சட்டத்தைத் தளர்த்துவதற்கு முன்பு, பொதுவான திருச்சபைச் சட்டப்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதுமே ஒருசந்தியாக இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, மாலை வழிபாடு முடிந்த பின்னரே அந்த ஒருவேளை உணவு. அது நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பிற்பகல் மூன்று மணிக்கும், பின்னர் நண்பகலுக்கும் நகர்ந்து வந்தது.

யாருடைய நோன்பு கடினமானது என்று அளப்பதால் நமக்குத் தெளிவு பிறக்காது என்றே கருதுகிறேன். கேட்க வேண்டியது வேறு: ஒரு சமயத்தின் வழிபாட்டில் நோன்புக்கு எந்த இடம் இருக்கிறது? எங்களைப் பொறுத்தவரை வழிபாட்டின் உச்சம் திருப்பலி. ஆண்டின் உச்சம் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). நோன்பு அவற்றை நோக்கி நடக்கும் வழி. திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இஸ்லாமில் நோன்பு எதை நோக்கியது, அல்லது அது எதையும் நோக்காமல் தானே நிறைவு பெற்ற வணக்கமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதிவு 2 – பிறைநிலா

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர் கேட்டிருக்கும் கேள்வி நல்ல கேள்வி. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரமலான் நோன்பு தானே ஒரு வணக்கம். தொழுகை எப்படிக் கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழிக்கு அடுத்த கடமையோ, அப்படியே நோன்பும் ஐந்து கடமைகளில் ஒன்று. வேறொரு வழிபாட்டுக்கான முன்னேற்பாடாக அது விதிக்கப்படவில்லை. வணக்கம் என்பதால்தான் அதற்குத் தொடக்கமும் முடிவும் நிபந்தனைகளும் உண்டு. ஃபஜ்ரு (விடியல்) நேரம் தொடங்குவது முதல் மக்ரிப் (சூரிய மறைவு) வரை உணவு, நீர், தாம்பத்திய உறவு ஆகிய மூன்றையும் விலக்க வேண்டும். அதற்கு நிய்யத், அதாவது நோன்பு நோற்கும் எண்ணம், வேண்டும். நிய்யத் இல்லாமல் ஒருவர் நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும் அது பட்டினியே தவிர நோன்பாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) ஒவ்வோர் இரவும் விடியலுக்கு முன் நிய்யத் வைத்தாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ரமலான் நோன்புக்கு நண்பகலுக்கு முன்வரை அவகாசம் உண்டு. மாலிக்கி மத்ஹபில் மாதத் தொடக்கத்தில் ஒரு நிய்யத்தே தொடர்ச்சியான நோன்புகளுக்குப் போதும். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்ததும் "இந்த வருஷத்து ரமலான் மாதத்து ஃபர்ளான (கட்டாயமான) நோன்பை அதாவாக (உரிய நேரத்தில்) நாளைப் பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்" என்று இமாம் சொல்ல, ஜமாஅத்தார் சேர்ந்து சொல்லும் வழக்கத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். நிய்யத் உள்ளத்தில் இருந்தால் போதும், வாயால் மொழியத் தேவையில்லை என்று கருதி அதைச் செய்யாத பள்ளிவாசல்களும் உண்டு. உள்ளத்தில் நிய்யத் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மறந்து உண்டவருக்கு நோன்பு முறிவதில்லை என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டின் சட்டம். இறைவனே அவருக்கு உண்ணக் கொடுத்தான் என்று நபிமொழி கூறுகிறது. வேண்டுமென்றே பகலில் உறவு கொண்டு நோன்பை முறித்தவருக்குப் பரிகாரம் மிகக் கடுமையானது: தொடர்ந்து அறுபது நாள் நோன்பு நோற்க வேண்டும், இயலாதவர் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும்.

இந்த நோன்பு எதை நோக்கியது என்பதற்குக் குர்ஆனே பதில் சொல்கிறது. "உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டதைப் போலவே" உங்களுக்கும் விதிக்கப்பட்டது, நீங்கள் இறையச்சம் உடையவர்களாக ஆவதற்காக என்பது 2:183. ரமலான் குர்ஆன் அருளப்பட்ட மாதம் என்பது 2:185. எனவே ரமலானுக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு, அது இறைவேதம் இறங்கியது. இரவுத் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிக்க முயல்வதும், கடைசிப் பத்து நாள்களில் குர்ஆன் இறங்கிய இரவான லைலத்துல் கத்ரைத் தேடிச் சிலர் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருப்பதும் அதனால்தான். ஆனால் அந்த இரவு ஒருவருக்குக் கிட்டாமற்போனாலும் அவருடைய நோன்பு குறைவுபட்டதாகாது.

பதிவு 3 – முத்துக்குளித்துறை

அனைவருக்கும் என் வாழ்த்துகள். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். லெந்து என்னும் தவக்கால நாள்களைக் கடைப்பிடிக்கிறோம், ஆராதனைகளும் நடக்கின்றன. இருந்தாலும் உணவைப் பற்றிய சட்டம் எதுவும் எங்களுக்குக் கிடையாது. இது அலட்சியத்தால் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு நம்பிக்கையின் விளைவு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரில் அச்சகம் நடத்திய ஃப்ரோஷாவர் என்பவரின் வீட்டில் வேலையாள்களும் நண்பர்களும் கூடிக் காய்ந்த கறிச்சுருளைத் துண்டு துண்டாக்கி உண்டார்கள். சீர்திருத்தப் போதகர் உல்ரிச் சுவிங்கிலி அங்கு இருந்தார், உண்ணவில்லை. ஆனால் ஃப்ரோஷாவர் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, வேதம் கட்டளையிடாத ஒன்றை மனச்சாட்சியின் மேல் சுமத்தக் கூடாது என்று பிரசங்கித்து, அதை அச்சிலும் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் அந்த உணவு மேசையிலிருந்து தொடங்கியது என்று சொல்வது மிகையாகாது. லூத்தரோ கால்வினோ உபவாசத்தை வெறுத்தவர்கள் அல்லர். அதைப் பயனுள்ள பயிற்சி என்றே எழுதினார்கள். அது ஒருவரை தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கும் என்பதைத்தான் மறுத்தார்கள்.

ஆகவே வைகைக்கரை அவர்கள் வரைந்த கோட்டை நான் இன்னும் ஒரு படி தள்ளி வரைவேன். எங்களுக்கு உபவாசம் ஜெபத்தின் துணை மட்டுமே. அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையார் உபவாசித்து, ஜெபித்து, பவுலையும் பர்னபாவையும் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே சபைகள் மட்டுமல்ல, எங்கள் சபைகளும் நடத்தும் உபவாச ஜெபக் கூடுகைகளுக்கு அதுவே மாதிரி. ஒரு வேலைக்காக, ஒரு நோயாளிக்காக, ஒரு மழைக்காக உபவாசிக்கிறோம். நாள் குறிப்பவர்கள் நாங்களே, அதை யாருக்கும் கட்டளையாக விதிப்பதில்லை.

எனினும் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் பழக்கமும் மெல்ல மறைந்துவிடுகிறது. லெந்து நாள்களில் எங்கள் வீடுகள் பலவற்றில் உணவு மேசை ஆண்டின் மற்ற நாள்களைப் போலவேதான் இருக்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. பிறைநிலா அவர்களிடம் ஒரு கேள்வி: பகலில் விட்டதை இரவில் இரட்டிப்பாக உண்டால், இறையச்சம் எங்கிருந்து வரும்?

பதிவு 4 – பிறைநிலா

சகோதரி கேட்டதை எங்கள் அறிஞர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். பகல் உணவையும் சேர்த்து இரவில் வயிற்றை நிரப்புவது நோன்பின் நோக்கத்தையே கெடுக்கும் என்று இமாம் கஸ்ஸாலி கண்டித்தார். வயிற்றை அடக்குவது பொதுமக்களின் நோன்பு, கண்ணையும் நாவையும் செவியையும் அடக்குவது சிறப்புக்குரியோரின் நோன்பு, இறைவனைத் தவிர வேறெதையும் உள்ளம் நாடாமல் காப்பது அதற்கும் மேலானது என்று மூன்று படிகளை வகுத்தவரும் அவரே. பொய்யான பேச்சையும் பொய்யான செயலையும் விடாதவர் உணவையும் நீரையும் விடுவது இறைவனுக்குத் தேவையில்லை என்பது புகாரியில் வரும் நபிமொழி.

ஆனால் இரவில் உண்பதையே குறையாகக் கருதக் கூடாது. இரவும் பகலும் சேர்த்துத் தொடர்ந்து நோன்பிருப்பதை நபியவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். விரைந்து நோன்பு திறப்பதும் ஸஹர் உணவு உண்பதும் சுன்னத், அதாவது நபிவழி. உடலை வதைப்பது இங்கே வணக்கமாகாது. இறைவன் நிறுத்தச் சொன்ன நேரத்தில் நிறுத்தி, உண்ணச் சொன்ன நேரத்தில் உண்பதே கீழ்ப்படிதல்.

பதிவு 5 – ஏலமலை

வணக்கம். நான் கேரளத்தின் மலங்கரைக் கிறிஸ்தவ மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். எத்தியோப்பியாவில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றியிருக்கிறேன். இதுவரை இங்கே கிறிஸ்தவம் என்று பேசப்பட்டது மேற்கத்திய கிறிஸ்தவம் மட்டுமே. கிழக்கைப் பார்த்தால் படம் மாறும்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சாதாரண மக்கள் ஆண்டில் ஏறக்குறைய 180 நாள் நோன்பிருக்கிறார்கள். குருக்களுக்கும் துறவியருக்கும் அதைவிடக் கூடுதல். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பு வரும் பெரிய நோன்பு 55 நாள். அதோடு ஆண்டு முழுவதும் புதனும் வெள்ளியும் நோன்பு. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த ஐம்பது நாள்கள் மட்டும் விலக்கு. இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. கடைப்பிடிப்பில் உறுதியானவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை எதையும் உண்ண மாட்டார்கள், நீரும் அருந்த மாட்டார்கள். அந்த நாள்களில் அடிஸ் அபாபாவின் உணவகங்களில் பருப்பும் கடலைமாவுக் குழம்பும் கீரையும் இன்ஜெரா என்னும் புளித்த அப்பத்தின் மேல் வைத்துத் தருகிற நோன்புத் தட்டுதான் எல்லோர் கையிலும் இருக்கும். கறிக்கடைகள் பல மூடியே கிடக்கும். அந்நாட்டு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருவர் நோன்பை மற்றவர் கண்டு வளர்ந்தவர்கள். அதனால் "இதுவும் நோன்பா" என்ற கேள்வியை அங்கே நான் கேட்டதில்லை.

நீர் அருந்தாமை இஸ்லாமுக்கு மட்டும் உரியது அன்று. சீனாய் மலையில் மோசே நாற்பது நாள் அப்பமும் தண்ணீரும் இன்றி இருந்தார். எஸ்தர் மூன்று நாள் உண்ணாமலும் குடியாமலும் இருக்கும்படி தம் இனத்தாரைக் கேட்டார். நினிவே அரசன் ஆடுமாடுகள்கூடத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஆணையிட்டான். அந்த நினிவே நோன்பைச் சுரியானி மரபினர் இன்றும் மூன்று நாள் கடைப்பிடிக்கிறோம். கேரளத்தின் குறவிலங்காட்டில் அந்த நாள்களில் நினிவேக்கு அனுப்பப்பட்ட இறைவாக்கினர் யோனாவின் கப்பலைத் தோளில் சுமந்து, கடலில் தத்தளிப்பது போல ஆட்டி ஆட்டி ஊர்வலம் வருவார்கள்.

என்னை மிகவும் ஈர்த்தது வாரநாள்களின் கதை. லூக்கா நற்செய்தி 18இல் வரும் பரிசேயர் என்னும் யூத சமயப் பிரிவைச் சேர்ந்தவர் வாரத்தில் இருமுறை நோன்பிருப்பதாகச் சொல்கிறார். யூத வழக்கில் அவை திங்களும் வியாழனும். தொடக்கத் திருச்சபையின் வழிகாட்டு நூலான திதாக்கே, "அவர்கள்" நோன்பிருக்கும் அந்த நாள்களில் இருக்க வேண்டாம், புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்பு நபிகள் நாயகம் திங்களும் வியாழனும் நோன்பிருப்பதை விரும்பினார். வெள்ளிக்கிழமையை மட்டும் தனியே தேர்ந்து நோன்பிருக்க வேண்டாம் என்றார். முஹர்ரம் பத்தாம் நாளின் ஆஷூரா நோன்பை மதீனாவின் யூதர்கள் மோசேயின் விடுதலைக்காக நோற்பதைக் கண்டு தாமும் நோற்றார். அடுத்த ஆண்டு இருந்தால் ஒன்பதாம் நாளும் சேர்த்து நோற்பேன் என்றார். நம் நோன்புக்கும் வேதக்காரர்களின் நோன்புக்கும் உள்ள வேறுபாடு ஸஹர் உணவு என்று முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. ஒவ்வொரு சமூகமும் முன்னவர்களின் நோன்பைக் கைவிடாமல் வைத்துக்கொண்டு, நாளையோ நேரத்தையோ சற்றே நகர்த்தித் தன்னை அடையாளப்படுத்திக்கொண்டது. இதை நகல் எடுத்தல் என்று சிலர் இணையத்தில் ஏளனமாக எழுதுவதைப் பார்க்கிறேன். முன்னிருந்தவர்களுக்கும் விதிக்கப்பட்டது என்று குர்ஆனே வெளிப்படையாகச் சொல்லும்போது ஏளனத்துக்கு அங்கே இடமேது?

பதிவு 6 – தென்னந்தோப்பு

அனைவருக்கும் ஸலாம். பெண்கள் பக்கமிருந்து ஒரு செய்தியை முன்வைக்கிறேன். வைகைக்கரை அண்ணன் கேட்ட கேள்விக்கு அதில்தான் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மாதவிடாய் நாள்களில் நாங்கள் நோன்பு நோற்க முடியாது, நோற்றாலும் அது நோன்பாகாது. அந்த நாள்களில் விடுபட்ட தொழுகைகளை நாங்கள் திரும்பத் தொழ வேண்டியதில்லை. விடுபட்ட நோன்புகளையோ பின்னர் ஒன்றுவிடாமல் நோற்க வேண்டும். நபியவர்களின் துணைவியார் அன்னை ஆயிஷா அவர்கள் தந்த விளக்கம் அது. அவர்களே விடுபட்ட நோன்புகளை ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் நோற்றதாக அறிவிப்பு இருக்கிறது. எங்கள் வீடுகளில் நாள்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள்: இத்தனை நோன்பு களா, அதாவது பின்னர் நோற்க வேண்டிய கடன். மழைக்காலத்தில், பகல் குறுகிய நாள்களில், வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போல் காலைப் பலகாரம் உண்ணும்போது, ஒரு பெண் மட்டும் நோன்பாளியாக நின்று எல்லோருக்கும் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். அந்த நோன்புக்குத் தராவீஹ் இல்லை, ஊர்க் கஞ்சி இல்லை, பெருநாளும் இல்லை. ஆனாலும் அது ரமலான் நோன்பின் முழு எடையும் உள்ள கடமை.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சலுகை உண்டு. ஹனஃபியில் களா செய்தால் போதும். ஷாஃபிஈயில், தன் உடலுக்காக அன்றிப் பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், களாவுடன் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் சேரும். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற எங்கள் பாட்டிமார் எத்தனையோ ஆண்டு நோன்புகளைச் சுமந்து, வயதான பின்பு மெல்ல மெல்ல அடைத்து முடித்தார்கள்.

வணக்கம் அல்லாத ஒன்று கடனாக நிற்காது. பெருவிழாவுக்கான ஆயத்தமாக மட்டும் நோன்பு இருந்திருந்தால், பெருவிழா கடந்ததும் விடுபட்ட ஆயத்தத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். எங்களிடம் அது கேட்கப்படுகிறது. கிறிஸ்தவப் பெண்களுக்கு இப்படி ஒரு களா உண்டா என்பதை அறிய விரும்புகிறேன்.

பதிவு 7 – வைகைக்கரை

தங்கை தென்னந்தோப்பின் பதிவை எங்கள் வகுப்பில் வாசித்துக் காட்ட விரும்புகிறேன். எங்களிடம் களா என்ற ஒன்று இல்லை. தக்க காரணமின்றிப் புனித வெள்ளியின் ஒருசந்தியை மீறியவர் ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) அதை அறிக்கையிடலாம். அந்த நாளை வேறொரு நாளில் ஈடுசெய்யும் முறை கிடையாது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் கடமையே இல்லை, அதனால் நிலுவையும் இல்லை.

இதற்கான காரணத்தை மாற்கு 2ஆம் அதிகாரத்தில் காண்கிறேன். மணமகன் தங்களோடு இருக்கும்போது மணவிருந்தினர் நோன்பிருக்க முடியுமா, மணமகன் எடுக்கப்படும் காலம் வரும், அன்று நோன்பிருப்பார்கள் என்று ஆண்டவர் கூறுகிறார். எங்கள் நோன்பு அந்த மணமகனைச் சார்ந்தது. அவரது சாவை நினைக்கும் நாளில் நோன்பிருக்கிறோம், உயிர்த்த நாளில் இருப்பதில்லை. சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 நாள்கள்; ஞாயிறுகள் ஆறையும் நீக்கினால்தான் நாற்பது. தவக்காலத் திருப்பலியில் அல்லேலூயாவும் உன்னதங்களிலே கீதமும் நிறுத்தப்படுகின்றன, பீடத்தில் மலர்கள் வைப்பதில்லை. வயிறு மட்டுமன்றி நாவும் கண்ணும் ஒன்றை இழந்து காத்திருக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா இரவில் அல்லேலூயா மீண்டும் ஒலிக்கும்போது, அதுவரை பாடாதிருந்தவர்களுக்கே அதன் இனிமை முழுமையாகத் தெரியும்.

கிரேக்க, ரஷ்யத் திருச்சபைகள் பின்பற்றும் பைசாந்திய மரபில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. அங்கே தவக்கால வாரநாள்களில் முழு நற்கருணை வழிபாடே இல்லை; ஞாயிறன்று அர்ப்பணித்து வைத்த அப்பத்தையே மாலை வழிபாட்டில் பகிர்கிறார்கள். நற்கருணை என்பது விழா. நோன்பு நாளும் விழாவும் ஒன்றாக அமைய முடியாது என்பது அவர்களின் உறுதி. ஏலமலை சொன்ன 180 நாள்களை மதித்து வணங்குகிறேன். அந்த நாள்களிலும் நோன்பு விழாவைப் பார்த்தே நிற்கிறது என்பது என் எண்ணம்.

பதிவு 8 – ஏலமலை

ஓரளவுதான் ஏற்கிறேன். எங்கள் மரபின் துறவிகளுக்கு நோன்பு வழியும் ஆகும், வணக்கமும் ஆகும். வைகறையில் நெற்றி தரையைத் தொட விழுந்து விழுந்து எழுந்து ஜெபிக்கும் நோன்புக்கால வழக்கத்தைப் பார்த்தவர்கள், உடல் அங்கே வெறுமனே ஆயத்தமாகிறது என்று சொல்லத் தயங்குவார்கள்.

பதிவு 9 – முத்துக்குளித்துறை

மத்தேயு 6இல் உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, உன் உபவாசம் மனுஷருக்குத் தெரியாமல் அந்தரங்கத்திலிருக்கிற பிதாவுக்கே தெரியட்டும் என்கிறார் இயேசு. சாம்பல் புதன் திருப்பலியில் இந்தப் பகுதியே வாசிக்கப்படுகிறது; வாசித்து முடித்து நெற்றியில் சாம்பலும் பூசப்படுகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று வைகைக்கரை அண்ணனைக் கேட்கிறேன். ரமலானிலோ ஊரே சேர்ந்து நோன்பிருக்கிறது. அது அந்தரங்கமாக இருக்க வழியே இல்லையே.

பதிவு 10 – பிறைநிலா

ஊரறிய நடப்பது மாதம், நோன்பு அப்படியன்று. பூட்டிய அறைக்குள் ஒரு மிடறு நீர் அருந்திவிட்டு வெளியே வருபவரை எந்த ஜமாஅத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தொழுகையைப் பிறர் காண்கிறார்கள், ஜகாத்தை வாங்குபவர் அறிவார், ஹஜ்ஜை ஊரே வழியனுப்புகிறது. நோன்பை மட்டும் இறைவனைத் தவிர வேறு சாட்சி காண்பதில்லை. "நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி கொடுப்பேன்" என்று இறைவன் கூற்றாக நபியவர்கள் அறிவித்த ஹதீஸ் குத்ஸிக்கு அறிஞர்கள் பலர் தரும் விளக்கம் இதுதான். அந்த வகையில் மத்தேயு 6 சொல்லும் அந்தரங்கம் எங்களுக்கும் அந்நியமானதன்று.

குர்ஆனில் வேறொரு நோன்பும் உண்டு, கிறிஸ்தவ நண்பர்கள் அறிந்திருந்தால் மகிழ்வேன். ஈஸா நபியைப் (இயேசுவைப்) பெற்றெடுத்த மர்யம் (மரியா) அவர்களிடம், யாரையேனும் கண்டால் "ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், ஆகவே இன்று எந்த மனிதருடனும் பேச மாட்டேன்" என்று சொல்லுமாறு 19:26 கூறுகிறது. அது மௌன நோன்பு. பழியோடு எதிர்வந்த ஊராருக்கு அந்தத் தாய் பேசவில்லை. தொட்டிலில் இருந்த குழந்தை பேசியது.

வெள்ளிக்கிழமை குறித்து ஏலமலை ஐயா எழுதியதற்கு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களுக்கு ஜும்ஆ நாளான வெள்ளி வாரத்தின் பெருநாளைப் போன்றது. ஈஸா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்று 4:157 கூறுவதால், துயர் நினைவாக அன்று நோன்பிருக்க எங்களுக்குக் காரணமும் இல்லை. இது ஆழமான வேறுபாடு. மழுப்பிச் சொல்வது இரு தரப்பின் நம்பிக்கைக்கும் மரியாதை ஆகாது. காலக்கணக்கிலும் இப்படியே: தவக்காலம் வசந்தகால முழுநிலவைப் பிடித்து நிற்பதால், சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையிலேயே வரும். மாதங்களைப் பருவத்தோடு பொருத்த இடைமாதம் சேர்ப்பதைக் குர்ஆன் தடுத்துவிட்டதால், ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்து ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. தவக்காலமும் ரமலானும் ஒன்றையொன்று சந்திப்பது அந்தச் சுழற்சியில் சில ஆண்டுகள் மட்டுமே.

பதிவு 11 – வைகைக்கரை

சகோதரி முத்துக்குளித்துறைக்கு: சாம்பல் நோன்பின் விளம்பரமன்று, "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்ற அறிக்கை. அது எல்லோர் நெற்றியிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒருவரும் மற்றவரைவிட உயர்ந்து தெரிவதில்லை. அன்றைய நற்செய்தி தருமம், ஜெபம், நோன்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதையும் கவனியுங்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஹெர்மாஸ், நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் காசு சேர்க்கும் தவக்கால உண்டியல் அதன் தொடர்ச்சியே. அதில் கறி வாங்காத வெள்ளிக்கிழமைப் பணத்தையும் சேர்க்கச் சொல்லி வருகிறேன்.

இனி நடைமுறைக் கேள்வி ஒன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இஃப்தார் (நோன்பு திறப்பு) அழைப்பு வந்தால் என் போன்றோர் என்ன செய்வது? நோன்புக் கஞ்சியில் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கிறது.

பதிவு 12 – முத்துக்குளித்துறை

பவுல் 1 கொரிந்தியர் 10:27இல், விருந்துக்கு அழைக்கப்பட்டுப் போனால் உங்கள்முன் வைக்கப்படுகிறதை எதையும் விசாரிக்காமல் புசியுங்கள் என்கிறாரே அண்ணா.

பதிவு 13 – வைகைக்கரை

அங்கே கேள்வி சிலைக்குப் படைத்த உணவைப் பற்றியது, தாமே ஏற்றுக்கொண்ட சுத்தபோசனத்தைப் பற்றியதன்று. அழைத்தவர் மனம் நோகாமலிருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நோன்பாளியின் வீட்டுக்கு நோன்பாளியாகவே போவதுதான் எனக்கு விருப்பம்.

பதிவு 14 – தென்னந்தோப்பு

கஞ்சியில் கறி இருந்தாக வேண்டும் என்று மார்க்கம் எதையும் சொல்லவில்லை அண்ணா. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, மல்லி புதினா, இறுதியில் தேங்காய்ப்பால்: இவைதான் அதன் உடல். பல பள்ளிவாசல்களில் கறி சேர்க்காமலே காய்ச்சுகிறார்கள். அரசு ஆண்டுதோறும் வழங்கும் அரிசியில் வெந்து ஏழை வீடுகளுக்குத் தூக்குவாளியில் போகும் கஞ்சியும் அதுதான். வீட்டில் கொத்துக்கறிக்குப் பதில் காரட்டும் பட்டாணியும் போட்டால் சுவை குறையாது. குமரி மாவட்டத்துத் தோழி ஒருத்தி புனித வெள்ளியன்று அவர்கள் பங்கில் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றும் கஞ்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இரண்டிலும் அரிசியை வேகவைக்கும் பக்குவம் கிட்டத்தட்ட ஒன்றே.

தருமத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அது ஸதக்கத்துல் ஃபித்ர்: வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தைக்காகவும்கூட, ஊரில் உண்ணும் தானியத்தில் ஒரு ஸாஉ (பழைய முகத்தலளவை) அளவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையிடம் சேர்க்க வேண்டும். தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரண தருமமாகிவிடும் என்று நபிமொழி இருப்பதால், பிறை தெரிந்த இரவில் அரிசிப் பைகளோடு பையன்கள் தெருத்தெருவாக ஓடுவார்கள்.

அழைப்பைப் பற்றி ஒன்று: வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் அழைப்பவரிடம் முந்தைய நாளே சுத்தபோசனம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கறியைத் தொடக்கத்திலேயே இஞ்சி பூண்டோடு வதக்கி, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன்பே கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். மக்ரிப் நேரத்தில் வந்து சொன்னால் தனியாகப் பிரித்தெடுக்க வழியிருக்காது.